மூன்றாவது காயிலும் மல்லாட்டை எண்ணெயும்

புதிதாக யார்டில் சேர்ந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் சாதனைகளை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும். முப்பது வருடத்துக்கு மேல் தரக்கட்டுப்பாட்டில், அதாவது க்யூசியில், குப்பை கொட்டிய எனக்குச் சாதனை என்று ஒன்றுதான் உண்டு. பாலத்துக் கான்கிரீட்டுக்குள் போகிற எஃகு ஸ்ட்ராண்டுக்குத் துருப் பிடிக்காமல் இருக்க உலகத்தில் என்னென்னவோ பூசுகிறார்கள். துத்தநாகம் பூசுகிறார்கள், எபாக்ஸி பூசுகிறார்கள், கிரீஸ் தடவி பிளாஸ்டிக் உறை மாட்டுகிறார்கள். மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய், பூச வைத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

சிரியுங்கள், பரவாயில்லை. இப்போது நானும்தான் சிரிக்கிறேன்.

கதைக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயம். உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் சொல்லித்தான் இருந்தார்கள். ஏழு கம்பியை முறுக்கி ஒரு கயிறாக்கியதுதான் ஸ்ட்ராண்ட். சுருள் சுருளாக யார்டுக்கு வரும், ஒரு சுருளைக் காயில் என்போம். அதை விறைப்பாக இழுத்துக் கட்டி, சுற்றிலும் கான்கிரீட் ஊற்றி, இறுகிய பிறகு முனையில் அறுத்துவிட்டால் கம்பி சுருங்கப் பார்க்கும். கான்கிரீட் அதைச் சுருங்க விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிதான் நம் யார்டின் மொத்தப் பிழைப்பு. பிடி விட்டால், பாலத்தைத் தாங்க நாம் வார்க்கிற கர்டர் இல்லை, அதன் மேல் போகிற பஸ்ஸும் இல்லை. அதனால் நம் ஸ்ட்ராண்டில் எண்ணெய் படவே கூடாது. எபாக்ஸி பூசினால்கூட அதன் மேல் மணல் தூவித்தான் தருவார்கள், பிடிப்பு வேண்டும் என்று. லேசான துருவைப் பற்றிக் கவலையே வேண்டாம். துணியால் துடைத்தால் போகிற துரு ஒரு கெடுதலும் செய்யாது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இந்த யார்டுக்கு வருவதற்கு முன்னால் பல வருடம் நான் வேலை பார்த்தது வேறு வகைப் பாலங்களில். அங்கே கான்கிரீட்டுக்குள் குழாய் விட்டு, அது இறுகிய பிறகுதான் ஸ்ட்ராண்டை உள்ளே நுழைத்து இழுப்பார்கள். குழாயில் சிமெண்ட் பால் ஏற்றத் தாமதமானால், தண்ணீரில் கரைகிற ஓர் எண்ணெயைக் கம்பிக்குக் காட்டி வைத்து, பிறகு கழுவிவிடுவோம். அங்கே இருந்த மேஸ்திரி எனக்குச் சொன்ன முதல் பாடமே, “துரு தெரிஞ்சா எண்ணெய காட்டு” என்பதுதான். மனிதர் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வார். யார்டு மாறியும் என் நாக்கு அங்கேயே இருந்தது.

நம் யார்டு திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், மயிலம் போகிற பக்கம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இது சில வருடங்களுக்கு முன்னால். ஐப்பசி மழை ஒரு வாரமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் ஊருக்குக் கிளம்பினேன். கோலியனூரில் என் மச்சினன் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஞாயிற்றுக்கிழமை ஒரு கர்டருக்கு ஸ்ட்ராண்ட் இழுக்க வேண்டியிருந்தது, திங்கட்கிழமை மாலை கான்கிரீட். இழுப்பதற்கு முன்னால் கம்பியைப் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று ஒரு கார்டில் நான் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டியதற்கு வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டு, கார்டை இழுக்கிற கேங்கின் ஃபோர்மேனிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். எல்லா யார்டிலும் நடக்கிறதுதான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்களும் ஒருநாள் சொல்லிக்கொள்வீர்கள்.

சனிக்கிழமை மத்தியானம், பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சாம்பார், ரசம் முடிந்து பாயசம் வந்திருந்தது. அதில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன். ஸ்டோர் பார்த்துக்கொள்ளும் வசந்தா.

வசந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலைக்குப் போனவர்கள். இந்தப் பெண் கல்லூரியில் படித்து முடித்து, கான்ட்ராக்டில் ஸ்டோருக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வருடா வருடம் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பார்கள். அந்த வருடம் புதுப்பிக்கிற மாதம் அதுதான். ஸ்டோரில் ஓர் ஆணி வெளியே போனாலும் ரிஜிஸ்டரில் ஏறிவிடும். யாருக்காகவும் எதையும் மாற்றி எழுத மாட்டாள். அதனாலேயே மேனேஜருக்கு அவளைப் பிடிக்காது.

“சார், மழைல தார்பாய் கிழிஞ்சி போச்சி. மூணாவது காயில்ல துரு பூத்துகினு இருக்குது. திங்கக்கெழம கன்சல்டன்ட் வர்றாரு. இன்னா பண்றது?”

“எண்ணெய காட்டி வையிம்மா.”

“எந்த எண்ணெ சார்?”

அந்த நேரம் பார்த்து மச்சினன், “மாமா, இன்னும் கொஞ்சம் பாயசம்?” என்று வாளியோடு நின்றான். நான் தலையையும் ஆட்டி, போனிலும் பேசினேன்.

“சுத்தமான எண்ணெயா பாத்து தடவு. பழைய இன்ஜின் ஆயில் கீயில் தடவித் தொலச்சிடாத. வந்து பாக்குறேன்.”

வைத்துவிட்டேன். பாயசம் நன்றாக இருந்தது. என்ன சொன்னேன் என்பதுகூட ஞாபகத்தில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலை நான் யார்டுக்குள் நுழையும்போதே, நம் வேலையைச் சோதிக்க வருகிற கன்சல்டன்ட் வந்து இறங்கிவிட்டார். பெயர் வேண்டாம். அதிகம் பேசமாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. அதைக்கொண்டு ஸ்ட்ராண்டைத் துடைத்து, துணியில் என்ன வருகிறது என்று பார்ப்பார். அந்தக் கைக்குட்டையைப் பார்த்தாலே மேனேஜருக்கு வியர்க்கும்.

இரண்டு பேரும் கர்டர் வார்க்கிற பெட் ஓரமாக நடந்தோம். ஸ்ட்ராண்டுகள் இழுத்துக் கட்டப்பட்டு வரிசையாக நின்றன. வானம் வெளுத்திருந்தது. அன்றைய நாள் நல்லபடியாகப் போகும் என்று தோன்றிய கடைசி நிமிஷம் அது. கன்சல்டன்ட் நின்றார்.

“இது என்ன?”

குனிந்து பார்த்தேன். நான்கு ஸ்ட்ராண்டுகளின் மேல் மட்டும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, எறும்பு வரிசை. சின்னச் சிவப்பு எறும்பு. போகிறவை ஒரு பக்கம், வருகிறவை ஒரு பக்கம், ஒழுங்காகப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது.

“எறும்பு சார்.”

“அது தெரியுது. எறும்புக்கு இங்க என்ன வேலை?”

அவர் கைக்குட்டையை எடுத்து ஒரு ஸ்ட்ராண்டைத் துடைத்தார். துணி மஞ்சளாகப் பளபளத்தது. மூக்குக்கிட்டே கொண்டு போனார்.

“பஜ்ஜி வாசனை வருதே?”

இந்த இடத்தில் எனக்குப் பாயசமும் போனும் வரிசையாக ஞாபகம் வந்தன. எந்த எண்ணெய் என்று இன்னும் தெரியாது, ஆனால் ஏதோ ஓர் எண்ணெய் என்பது புரிந்துவிட்டது. நேர்மையான மனிதன் அங்கேயே சொல்லியிருப்பான். நான் வாயைத் திறந்தேன்.

“தற்காலிகப் பாதுகாப்புப் பூச்சு சார். புதுசு.”

“அப்படியா? என்ன பேஸ்?”

“தாவர பேஸ் சார்.”

பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லுகிற ஆள் எதிராளியின் ஆர்வத்தைத் தூண்டாத பொய்யாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். கன்சல்டன்டின் முகத்தில் அதுவரை நான் பார்த்திராத ஒரு மலர்ச்சி. பிடிப்பைக் கெடுக்காத எண்ணெயா, சோதனை செய்தார்களா, யார் தயாரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். இதற்குள் மேனேஜர் வந்து சேர்ந்துவிட்டார். விஷயம் தெரியாமலே, “நம்ம க்யூசி எப்பவுமே புதுசா எதனா பண்ணிகினே இருப்பாரு சார்” என்று என்னைத் தட்டிக் கொடுத்தார்.

“நல்லது. நான் மயிலம் மலைக்குப் போய் சாமி கும்பிட்டுட்டு வந்துடறேன். அதுக்குள்ள அந்தப் பூச்சோட டேட்டா ஷீட் எடுத்து வையுங்க. ஹெட் ஆபீசுக்கு அனுப்பணும்” என்று சொல்லிவிட்டு கன்சல்டன்ட் ஜீப்பில் ஏறினார்.

நான் ஸ்டோருக்கு ஓடினேன். அந்த வயதில் ஓடக் கூடாது, ஓடினேன்.

“வசந்தா, மூணாவது காயிலுக்கு இன்னாம்மா தடவுன?”

அவள் பெருமையாக அலமாரிக்குக் கீழேயிருந்து ஒரு டின்னை இழுத்தாள். “எங்க வூட்டு மல்லாட்ட எண்ணெ சார். இந்த வருசம் குத்தகை நெலத்துல மல்லாட்ட போட்டோமே, அதுல வந்தது. திண்டிவனத்துல செக்குல குடுத்து ஆட்டுனது. கேன்டீனுக்குன்னு எடுத்தாந்தேன். கலப்படமே கெடயாது.”

“அடிப்பாவி!”

“நீங்கதான சார் சுத்தமானதா தடவச் சொன்னீங்க? கடைல வாங்குனா எதுல எத கலக்குறாங்கன்னு யாருக்குத் தெரியும்? செக்யூரிட்டி நாய் வேற வந்து காயில நக்கிகினே இருந்திச்சி, ரெண்டு நாளா அத வெரட்டுறதே பேஜாராப் போச்சி.”

இழுத்த ஃபோர்மேனையும் பிடித்துக் கேட்டேன். “பளபளன்னு இருந்திச்சி சார், புது ஐட்டம்னு நெனச்சோம். கைல புடிச்சா வழுக்குச்சி. ஆனா கார்டுல உங்க கையெழுத்து இருந்திச்சே, சரி, சார் பாத்துட்டாருன்னு இழுத்துட்டோம்” என்றார். அவர் மேல் என்ன தப்பு? பார்த்ததாக நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

இந்த நேரத்தில் மேனேஜர் ஸ்டோருக்குள் வந்தார். டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எல்லாம் புரிந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. எதையும் சமாளித்துவிடலாம் என்று நம்புகிறவர். அது கெட்டவராக இருப்பதைவிட ஆபத்து என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

“மூணாவது காயில்ல வந்த நாலு ஸ்ட்ராண்டுதான? தின்னர் போட்டு தொடச்சிட்டு சாயந்திரம் ஊத்திடலாம். கன்சல்டன்ட் கேட்டா, ஸ்டோர் பொண்ணு தெரியாம தானா தடவிடிச்சின்னு எழுதிக் குடு. எப்படியும் அதோட கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. ஜல்தி.”

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் வசந்தா இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த பெருமை எங்கே போனது என்று தெரியவில்லை. டின் மூடியை மெதுவாக வைத்து அழுத்தினாள்.

“எழுதிக்குங்க சார்” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். “ஆனா எந்த எண்ணென்னு நான் கேட்டேன் சார். அதயும் சேத்து எழுதிடுங்க.”

வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரியதாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. எனக்கு வேலை போனால் வீட்டில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். அவளுக்குப் போனால் என்ன ஆகும் என்ற கணக்கை ஆரம்பிக்கவே இல்லை. “மொதல்ல தொடச்சிப் பாப்போம்” என்று சொல்லிவிட்டு பெட்டுக்கு வந்தேன். துடைத்துச் சரியாகிவிட்டால் யாரையும் மாட்டிவிட வேண்டாமே என்று ஒரு நப்பாசை.

கேங் ஆட்கள் ஓரமாக நின்று, தின்னரில் நனைத்த துணியால் நான்கு ஸ்ட்ராண்டையும் முழு நீளத்துக்கும் துடைத்தார்கள். எறும்பெல்லாம் போயிற்று. கம்பி காய்ந்து, சாதுவாக, எண்ணெய் என்றால் என்னவென்றே தெரியாத மாதிரி நின்றது. நானே ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியில் ஒன்றும் வரவில்லை. மேனேஜர், “பாத்தியா?” என்றார். எனக்கு உயிர் வந்தது. ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

டீ டம்ளரை வைத்துவிட்டு வந்தால், எறும்பு திரும்ப வந்திருந்தது.

அதே நான்கு ஸ்ட்ராண்ட். பக்கத்து ஸ்ட்ராண்டுகளில் ஓர் எறும்பு இல்லை. இந்த முறை அவை மேலே ஓடவில்லை, கம்பிகளுக்கு நடுவே இருக்கிற இடுக்கில் தலையை விட்டு நின்றன. ஏழு கம்பியை முறுக்கினது ஸ்ட்ராண்ட் என்று மேலே எழுதினேன் அல்லவா? எண்ணெய் இரண்டு நாளில் அந்த இடுக்குகளுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. நம் துணி வெளியே துடைத்தது. எறும்புக்கு உள்ளே இருப்பது தெரியும். கான்கிரீட் இறுகும்போது அந்த எண்ணெய் கசிந்து வெளியே வந்தால், பிடி எங்கே இருக்கும்?

“எறும்பு மருந்து அடிச்சிடலாமா?” என்று மேனேஜர் கேட்டார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. மருந்து அடித்தால் என்ன என்று ஒரு வினாடி நானும் யோசித்தேனே, அதன் மேல். எறும்பைத் துரத்திவிட்டுக் கான்கிரீட் ஊற்றினால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, கர்டரைத் தவிர.

ஜீப் உள்ளே வந்தது. கன்சல்டன்ட் நெற்றி நிறையத் திருநீறோடு இறங்கி, கையை நீட்டினார். டேட்டா ஷீட்டுக்கு.

“டேட்டா ஷீட் இல்ல சார்” என்றேன். “அது மல்லாட்ட எண்ணெ. தடவச் சொன்னது நான். எந்த எண்ணெய்னு ஸ்டோர்ல கேட்டாங்க, நான் சாப்பாட்டு மும்முரத்துல சரியா பதில் சொல்லல. இழுக்கறதுக்கு முன்னாடி கம்பிய நான் பாக்கவும் இல்ல. கார்டுல வெள்ளிக்கெழமையே கையெழுத்துப் போட்டுட்டேன். தொடச்சிப் பாத்தோம், போகல. அந்த நாலையும் தளர்த்தி எடுக்கணும்.”

மேனேஜர் வானத்தைப் பார்த்தார். கன்சல்டன்ட் கைக்குட்டையை எடுத்து மறுபடி மூக்குக்கிட்டே கொண்டு போனார். பிறகு கேட்டார்:

“எந்தச் செக்கு?”

“சார்?”

“வாசனை நல்லா இருந்தது. அதான் கேட்டேன்.”

சிரித்துவிட்டு விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். அடுத்து என் மேசைக்கு நடந்தார், இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். உள்ளே நான் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த கார்டுகள் இன்னும் மூன்று இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, என் கண் முன்னால் கிழித்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் காகிதம் கிழிகிற சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு ஸ்டோர் ரிஜிஸ்டரைக் கேட்டார். வசந்தா கொண்டு வந்து கொடுத்தாள். சனிக்கிழமைப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் இருந்தது: ‘காயில் 3, துரு. க்யூசி சார் போனில் சொன்னபடி எண்ணெய் தடவியது. எந்த எண்ணெய் என்று கேட்டதற்குச் சுத்தமானது என்றார். மல்லாட்டை எண்ணெய், சொந்தம்.’ நான் வேறு ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கன்சல்டன்ட் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். “இந்த யார்டுல நடந்தத நடந்தபடி எழுதி வெச்சிருக்கிற காகிதம் இது ஒண்ணுதான் போலிருக்கு. அடுத்த தடவையும் இத எனக்குக் காட்டுங்க. இவங்களே காட்டட்டும்” என்றார். அதற்கப்புறம் வசந்தாவின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்காமல் இருக்க மேனேஜருக்குத் தைரியம் வரவில்லை.

நான்கு ஸ்ட்ராண்டையும் தளர்த்தி அறுத்து எடுத்தோம். மூன்றாவது காயில் முழுதும் குப்பைக்குப் போயிற்று. கான்கிரீட் அந்த வாரக் கடைசியில்தான். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ‘அங்கீகரிக்கப்படாத உண்ணத்தக்க பொருளை ஸ்ட்ராண்டில் பயன்படுத்தியமைக்காக’ என்று அதில் இருந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் பஜ்ஜியே போடவில்லை, சிரிப்பு வந்துவிடுகிறதாம்.

நான் மன்னிப்புக் கேட்டபோது வசந்தா, “உடுங்க சார்” என்று சொல்லிவிட்டாள். ஆனால் விடவில்லை. அதற்குப் பிறகு நான் வெளியூரிலிருந்து போனில் எதையாவது செய்யச் சொன்னால், முதலில் ஒரு கேள்வி வரும்: “சார், சாப்ட்டுகினு இருக்கீங்களா?” ஆமாம் என்றால், “கைய கழுவிட்டு கூப்புடுங்க” என்று வைத்துவிடுவாள். பல தடவை கையைக் கழுவிவிட்டு யோசித்தபோது வேறு பதில்தான் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் கேட்க ஓர் ஆள் இருந்தால் கோபப்படாதீர்கள். இல்லாவிட்டால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வருடம் நான் ஓய்வு பெற்ற அன்று கேன்டீனில் எல்லாருக்கும் இலை போட்டார்கள். பஜ்ஜியும் இருந்தது, எந்த எண்ணெய் என்று நான் கேட்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் வசந்தா ஒரு சீட்டோடு வந்தாள். இப்போது ஸ்டோர் முழுக்க அவள் பொறுப்பு. என்னிடம் இருந்த சாமான்களைத் திருப்பிக் கொடுத்ததற்கான சீட்டு அது. கடைசி நாள், எல்லாம் முடிந்தது என்ற நிம்மதியில் இடது கையால் பேனாவை வாங்கப் போனேன். சீட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“கைய கழுவிட்டு, படிச்சிட்டு போடுங்க சார்.”

கழுவிக்கொண்டு வந்து படித்தேன். வெர்னியர் காலிபர் ஒன்று, டார்ச் ஒன்று, ஹெல்மெட் இரண்டு.

“ஹெல்மெட் எனக்கு ஒண்ணுதானம்மா குடுத்த?”

“ஆமா சார்” என்று இரண்டை அடித்து ஒன்று என்று திருத்தினாள். “படிக்கிறீங்களான்னு பாத்தேன்.”

கையெழுத்துப் போட்டேன். ஸ்டோர் கோப்பில் அந்தச் சீட்டு இன்னும் இருக்கும். என் பெயர் கொஞ்சம் கலைந்திருந்தால் தப்பாக நினைக்காதீர்கள், கை ஈரமாக இருந்தது.